ஏழு கல்லூரிகளை ஒரே மேஜையில் உட்காரவைத்தவர்

சிரக்யூஸின் கேரியர் டோம் அரங்கத்துக் கூரைக்கு அன்று தூண் கிடையாது. கண்ணாடி இழையில் நெய்த வெள்ளைத் துணிதான் கூரை. உள்ளே அடைத்துவைத்த காற்று அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். காற்று கசிந்துவிடக் கூடாதென்று சுழல்கதவு வழியாகத்தான் உள்ளே விடுவார்கள். ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது சாதாரணக் கதவுகளையும் திறப்பார்கள். அந்த நேரத்தில் வாசலில் நின்றால் உள்ளிருக்கும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி ஆளை வெளியே தள்ளிவிடும். என்னைக் கூட்டிப்போன திருநெல்வேலி அண்ணன், "ஏலே, கண்ணாடியைக் கழட்டிப் பைக்குள்ள வையி, காத்து பிடுங்கிட்டுப் போயிரும்" என்றார். கழற்றிவைத்தேன். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது.

1985 ஜனவரி. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே 32 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். விருதுநகர்க்காரனான நான் அவ்வளவு ஜனத்தை ஒரே இடத்தில் பார்த்தது பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலில்தான். இங்கே அத்தனை பேரும் வந்திருந்தது ஒரு கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்துக்கு. எதிரணி வாஷிங்டன் நகரத்து ஜார்ஜ்டவுன், முந்தின ஆண்டின் தேசிய சாம்பியன். ஏழடி உயரமுள்ள பேட்ரிக் யூயிங் ஃப்ரீ த்ரோ போட வந்து நின்றபோது, கூட்டத்திலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழம் பறந்து வந்து போர்டில் அடித்தது. ஜார்ஜ்டவுன் பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன், தோளில் எப்போதும் கிடக்கும் அந்த வெள்ளைத் துண்டோடு எழுந்து வந்து தன் பையன்களை ஆடுகளத்தைவிட்டு அழைத்துக்கொண்டார். எச்சரிக்கை அறிவிப்புக்குப் பிறகுதான் ஆட்டம் தொடர்ந்தது. கடைசி நொடிகளில் எங்கள் அணியின் பேர்ல் வாஷிங்டன் போட்ட பந்தில் சிரக்யூஸ் 65-63 என்று ஜெயித்தது. என் தொண்டை கட்டிப்போய் இரண்டு நாள் பேச்சே வரவில்லை.

எங்கள் பள்ளி டிரில் மாஸ்டர் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரியை 1920-ல் தொடங்கிய ஹாரி குரோ பக், மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தவர். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-ல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த அதே பள்ளி. செம்மண் தரையில், வலையில்லாத இரும்பு வளையத்தில் நாங்கள் போட்ட பந்துக்கு அப்படி ஒரு வம்சாவளி உண்டு. ஆனாலும் ஒரு கல்லூரி விளையாட்டு எப்படி இத்தனை பெரிதாக வளரும் என்பது எனக்குப் புரியவில்லை. கேட்டபோது அண்ணன் சொன்ன பதில்: "அதுக்கு ஒரு கமிஷனர் இருக்காருலே."

கமிஷனர் என்றால் நமக்கு போலீஸ் கமிஷனர், இல்லாவிட்டால் மாநகராட்சி கமிஷனர். கையில் அதிகாரம் இருக்கும், பின்னால் அரசாங்கம் நிற்கும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அப்படியில்லை. அங்கே கல்லூரிகள் பத்துப் பன்னிரண்டாகச் சேர்ந்து கூட்டணி வைத்துக்கொள்கின்றன. கான்ஃபரன்ஸ் என்று பெயர். யார் யாரோடு எந்த நாளில் ஆடுவது, நடுவரை யார் அனுப்புவது, வருமானத்தை எப்படிப் பங்கிடுவது எல்லாம் அதற்குள் முடிவாகும். அந்தக் கூட்டணி சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் ஆள்தான் கமிஷனர். சூதாட்ட ஊழலில் மாட்டிய தொழில்முறை பேஸ்பால், 1920-ல் நீதிபதி லேண்டிஸைக் கமிஷனராக அமர்த்தியது. இரண்டு ஆண்டு கழித்து, 1922-ல், பிக் டென் என்று பின்னால் பேர்பெற்ற மத்திய மேற்குக் கல்லூரிகளின் கூட்டணி, மேஜர் ஜான் கிரிஃபித்தை அதே பட்டத்தோடு வேலைக்கு எடுத்தது. ஆட்டக்காரர்களுக்குக் கள்ளப்பணம் போகிறதா, படிக்காதவன் மாணவன் பேரில் ஆடுகிறானா என்று பார்ப்பது அவர் வேலை. 1944-ல் இறக்கும்வரை அதில் இருந்தார். பல பத்தாண்டுகளுக்குக் கமிஷனர் என்றால் இப்படிப்பட்ட காவல்காரர்தான். அதற்கு வேறு வடிவம் கொடுத்தவர்களில் எனக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறவர் டேவ் கேவிட். நான் அவரோடு பேசியதில்லை. என் இளமையின் மிகச் சூடான குளிர்காலங்களை அவர்தான் கொடுத்தார்.

கேவிட் 1937-ல் ரோட் தீவு மாநிலத்தில் வெஸ்டர்லி என்ற சிற்றூரில் பிறந்தார். டார்ட்மத் கல்லூரியில் படித்து, அங்கேயே பயிற்சியாளராகி, 1969-ல் பிராவிடன்ஸ் கல்லூரிக்கு வந்தார். டொமினிக்கன் பாதிரிமார் நடத்தும் சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி அது. அதற்கென்று இருந்த உள்ளரங்கமும் சின்னது. 1972-ல் நகரத்தில் சிவிக் சென்டர் என்ற பெரிய அரங்கம் திறந்தது. கேவிட் தன் அணியை அங்கே கொண்டுபோனார். அடுத்த ஆண்டே எர்னி டிக்ரிகோரியோவும் மார்வின் பார்ன்ஸும் ஆடிய அந்த அணி தேசியப் போட்டியின் கடைசி நான்குக்குள் நுழைந்தது. அரையிறுதியில் பார்ன்ஸின் முழங்கால் போனது, ஆட்டமும் போனது. ஆனால் இடத்தைப் பெரிதாக்கினால் ஜனம் வரும், ஜனம் வந்தால் கல்லூரியே ஊரின் பெயரைத் தாங்கி நிற்கும் என்பதை அவர் அங்கே கண்ணால் பார்த்துவிட்டார். பின்னால் செய்ததெல்லாம் இந்த அனுபவத்தை வைத்துத்தான் என்பது என் எண்ணம்.

1970-களில் கிழக்குக் கரைக் கல்லூரிகளுக்கு ஒழுங்கான கூட்டணியே இல்லை. இருநூறுக்கும் மேற்பட்டவை ஒரு தளர்வான சங்கத்தில் கிடந்தன. ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றியவர்களோடு ஆட்டம் பேசிக்கொள்ளும். அப்போது தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒரு நிபந்தனை கொண்டுவந்தது. தேசியப் போட்டிக்கு நேரடி இடம் வேண்டுமென்றால், குழுவிலுள்ள எல்லாரும் எல்லாரோடும் ஆடியிருக்க வேண்டும். சங்கம் பிரித்துக்கொடுக்கிற குழுவில் இருந்தால், பெரிய அணிகள் பேரே தெரியாத அணிகளோடு மல்லுக்கட்டியே குளிர்காலத்தைக் கழிக்க வேண்டியிருக்கும். கேவிட், ஜார்ஜ்டவுனின் ஃபிராங்க் ரியன்ஸோ, செயின்ட் ஜான்ஸின் ஜாக் கைசர், சிரக்யூஸின் ஜேக் குரவுத்தமல் நான்கு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். நாலு பேரும் தத்தம் கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவர்கள். குரவுத்தமலும் கேவிட்டும் டார்ட்மத் காலத்துச் சிநேகிதர்கள். பங்காளிகளாகிற அளவுக்கு நம்பிக்கை அங்கிருந்து வந்தது.

மற்றவர்களைச் சேர்த்த விதத்தில்தான் கேவிட்டின் கைவேலை தெரிகிறது. எந்த அணி பலமானது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. எந்த ஊரில் எத்தனை வீட்டில் டி.வி. இருக்கிறது என்றும் பார்த்தார். நியூயார்க்குக்கு செயின்ட் ஜான்ஸ் இருக்கிறது. வாஷிங்டனுக்கு ஜார்ஜ்டவுன். நியூஜெர்சிக்கு ரட்கர்ஸைக் கேட்டார்கள், மறுத்துவிட்டது. சீட்டன் ஹாலைச் சேர்த்தார்கள். மாசசூசெட்ஸில் ஹோலி கிராஸ் வேண்டாமென்றது. பாஸ்டன் காலேஜ் வந்தது. கனெக்டிகட் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்தது. 1979 மே மாதம் ஏழு கல்லூரிகளோடு கூட்டணி பிறந்தது. பிராவிடன்ஸிலிருந்த ஒரு விளம்பர நிறுவனம் சொன்ன பெயர்களிலிருந்து பிக் ஈஸ்ட் என்று எடுத்துக்கொண்டார்கள். கேவிட் பயிற்சியாளர் வேலையை விட்டுக் கமிஷனரானார். பிராவிடன்ஸ் கல்லூரியில் அவருக்குப் பத்திரிகைத் தொடர்பு பார்த்துக்கொண்டிருந்த மைக் டிரான்கீஸ் முதல் ஊழியர். அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவுக்காக வில்லனோவா. வரைபடத்தில் பார்த்தால், பாஸ்டனிலிருந்து வாஷிங்டன்வரை ஒரே ரயில் தடத்தில் பூக்கட்டியதுபோல் ஊர்கள் வரிசையாக வரும். சிரக்யூஸ் மட்டும் வடக்கே தள்ளி, பனிக்குள்.

அதே 1979, செப்டம்பர் 7. கனெக்டிகட்டில் பிரிஸ்டல் என்ற ஊரிலிருந்து இ.எஸ்.பி.என். என்ற புதுச் சேனல் ஒளிபரப்பைத் தொடங்கியது. நாள் முழுக்க விளையாட்டு காட்ட வேண்டும். கையில் ஆட்டங்கள் இல்லை. பக்கத்திலேயே ஆட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டணி. ஆளாளுக்குத் தனியாக விற்றுக்கொண்டிருந்த உரிமையைக் கேவிட் கூட்டணியின் பேரில் சேர்த்து விற்றார். கேபிள் டி.வி. வளர வளர பிக் ஈஸ்டும் வளர்ந்தது. குளிர்காலத்தில் ராத்திரி சீக்கிரமே கவிந்துவிடும், வெளியே போக முடியாது, வீட்டுக்குள் ஒரு பெட்டி, அதில் இந்தப் பையன்கள். கலிஃபோர்னியாவில் இருக்கிற அப்பா அம்மா அதே ஆட்டத்தைப் பார்ப்பார்கள் என்று சொல்லித்தான் பயிற்சியாளர்கள் பையன்களைக் கல்லூரிக்கு இழுத்தார்கள்.

பெரிய அரங்கம் என்ற பிராவிடன்ஸ் பாடத்தையும் அவர் விடவில்லை. கல்லூரி ஜிம்னேஷியத்திலிருந்து ஒவ்வோர் அணியாக நகரத்து அரங்கங்களுக்கு நகர்ந்தது. ஜார்ஜ்டவுன் லாண்டோவரின் கேப்பிடல் சென்டருக்குப் போனது, சீட்டன் ஹால் மெடோலாண்ட்ஸுக்கு, கனெக்டிகட் ஹார்ட்ஃபோர்டுக்கு. சிரக்யூஸில் பழைய மேன்லி ஃபீல்டு ஹவுஸில் நடந்த கடைசி ஆட்டத்தில், 1980 பிப்ரவரியில், ஜார்ஜ்டவுன் வந்து 52-50 என்று ஜெயித்து, அங்கே 57 ஆட்டங்களாகத் தோற்காத ஊர்க்காரர்களின் பெருமையை உடைத்தது. மேன்லியை இழுத்து மூடியாகிவிட்டது என்று தாம்ப்சன் அறிவித்தார். அந்த ஒரு வாக்கியத்தைச் சிரக்யூஸ்காரர்கள் நாற்பது ஆண்டாக மறக்கவில்லை. நான் ஊர் வந்து சேர்ந்தபோது எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த கதையே அதுதான். 1980 இலையுதிர் காலத்தில் டோம் திறந்தது.

கூட்டணியின் சாம்பியன் போட்டி முதலில் பிராவிடன்ஸ், சிரக்யூஸ், ஹார்ட்ஃபோர்டு என்று ஊர் மாறிக்கொண்டிருந்தது. 1983-லிருந்து நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். அப்போது கூட்டணிக்கு நான்கே வயது. தன் வீட்டுக் கல்யாணத்தை ஊரின் மிகப் பெரிய மண்டபத்தில் நடத்திக்காட்டியவரின் துணிச்சல் அது.

1985-ன் கடைசி நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்டிலிருந்து: ஜார்ஜ்டவுன், செயின்ட் ஜான்ஸ், வில்லனோவா. ஏப்ரல் 1 ராத்திரி, வாடகை வீட்டில் ஆறு பேர் ரசஞ்சோற்றுத் தட்டோடு பெட்டி முன்னால் உட்கார்ந்தோம். எட்டாம் தர வரிசையில் வந்த வில்லனோவா, யூயிங்கின் ஜார்ஜ்டவுனை 66-64 என்று வீழ்த்தியது. எறிந்த 28-ல் 22 உள்ளே. என் தட்டில் சோறு காய்ந்தே போனது. எங்கள் ஊர் அணி அன்று ஆடவேயில்லை. ஆனாலும் வீட்டில் ஆறு பேரும் எங்கள் லீக் என்று கத்தினோம். இந்த "எங்கள்" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். ஜார்ஜ்டவுனை நாங்கள் வெறுத்தோம். அதன் ஆட்டத்துக்காக வாரக்கணக்கில் காத்தும் கிடந்தோம். எதிரி ஜெயித்தாலும் கூட்டணியின் மதிப்பு கூடும், அது நம் வீட்டுக்கும் வரும் என்று ஏழெட்டுப் பிடிவாதக்காரப் பயிற்சியாளர்களை நம்பவைப்பதுதான் கேவிட்டின் தொழில். உத்தரவு போட அவருக்கு அதிகாரமில்லை. சம்பளம் கொடுப்பவை அவர்களின் கல்லூரிகள். பேசிப் பேசித்தான் நடத்தினார்.

கூட்டணிக்கு வெளியேயும் அவர் கைராசி பரவியது. 1982-லிருந்து 84 வரை தேசியப் போட்டியின் குழுவுக்குத் தலைவராக இருந்தார். 1982-ல் 48 அணிகளோடு இருந்த போட்டி 1985-ல் 64 ஆனது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு அமெரிக்க அணியின் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அமெரிக்கா அதைப் புறக்கணித்ததால் போக முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து, தொழில்முறை ஆட்டக்காரர்கள் பார்சிலோனாவுக்குப் போன அந்தக் கனவு அணி உருவானபோது அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பின் தலைவர் அவர்தான்.

இதையெல்லாம் வாய் நிறையச் சொல்லும்போது ஒரு விஷயம் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. பரம வைரிகள் என்று விளம்பரப்படுத்தி விற்ற அந்தப் பகை யாருடைய உடம்பில் இறங்கியது? யூயிங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று அட்டை பிடித்தார்கள். அரங்கம் அரங்கமாக அந்தக் கறுப்பின இளைஞன் மேல் எதையாவது எறிந்தார்கள். அந்த ஆரஞ்சு பறந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தாம்ப்சன் துண்டோடு நடந்து வந்தபோது அவர் முகத்தை மேல் வரிசையிலிருந்து என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு படத்தில் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றும் வெட்கப்படுகிறேன். டி.வி. பணம் கல்லூரிகளுக்கு வந்தது, கமிஷனர்களுக்கு வந்தது, பயிற்சியாளர்களுக்கு வந்தது. ஆடிய பையன்களுக்குப் படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும்தான். தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது 2021 ஜூலையில். பேர்ல் வாஷிங்டன் அதற்கு ஐந்து ஆண்டு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கூட்டணி உடையக் காரணமான விதை முதலிலேயே விழுந்திருந்தது. அமெரிக்கக் கல்லூரியில் பெரும்பணம் கூடைப்பந்தில் இல்லை, அமெரிக்கக் கால்பந்தில் இருந்தது. சிரக்யூஸும் பாஸ்டன் காலேஜும் பெரிய அளவில் கால்பந்து ஆடுகிறவை. பிராவிடன்ஸ், சீட்டன் ஹால் போன்றவற்றுக்கு அதில் ஒன்றுமில்லை. 1982-ல் பென் ஸ்டேட் உள்ளே வர விரும்பியது. எட்டுக் கல்லூரிகளில் ஆறு ஓட்டு வேண்டும். ஐந்துதான் விழுந்தது. ஒரே ஓட்டு. கால்பந்துப் பெரியண்ணன் வந்தால் தங்கள் குரல் அமுங்கிவிடும் என்று பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் போட்டிருப்பேன். அதே ஆண்டு பிட்ஸ்பர்க்கைச் சேர்த்துச் சமாளித்தார்கள். ஆனால் 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கால்பந்து ஒளிபரப்பை என்.சி.ஏ.ஏ. ஒருகையில் வைத்திருப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து விற்கும் உரிமை கல்லூரிகள் கைக்கும், அவை வழியாகக் கூட்டணிகள் கைக்கும் வந்தது. பென் ஸ்டேட் மேற்கே பார்த்து பிக் டென்னில் சேர்ந்தது. யாரிடம் கால்பந்து இருக்கிறதோ அவர்களை அபகரிப்பதே கமிஷனர்களின் வேலையாக மாறியது.

1990-ல் கேவிட் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை நிர்வகிக்கப் போனார். டிரான்கீஸ் அந்த நாற்காலிக்கு வந்து, மயாமியைச் சேர்த்து 1991-ல் கால்பந்தும் தொடங்கி, 2009 வரை கட்டிக்காத்தார். 2004, 2005-ல் மயாமி, வர்ஜினியா டெக், பாஸ்டன் காலேஜ் மூன்றும் அட்லாண்டிக் கரைக் கூட்டணிக்குப் போய்விட்டன. லூயிவில், சின்சினாட்டி என்று ஆள் சேர்த்துச் சேர்த்துப் பதினாறு அணிகளானது. வீட்டைச் சுற்றிப் புறக்கடை கட்டிக்கொண்டே போனால் முற்றம் எங்கே இருந்தது என்று மறந்துவிடும். அப்படித்தான் ஆனது.

2011 செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை, கேவிட் இறந்தார். 73 வயது. ஞாயிற்றுக்கிழமை, அதாவது இரண்டே நாளில், சிரக்யூஸும் பிட்ஸ்பர்க்கும் பிக் ஈஸ்டை விட்டுப் போவதாக அறிவிப்பு வந்தது. நான் அப்போது நியூஜெர்சியில் இருந்தேன். பத்திரிகையில் இரண்டு செய்தியும் அருகருகே வந்திருந்தது. காரியம்கூட முடியவில்லை, அதற்குள் பாகப்பிரிவினையா என்று மனைவி கேட்டாள். நான் படித்த பல்கலைக்கழகம் அது, குரவுத்தமலின் சிரக்யூஸ். பேச்சு வரவில்லை எனக்கு.

மிஞ்சியதை எடுத்துக்கொண்டவை கால்பந்துப் பணம் இல்லாத ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள். 2013-ல் அவை தனியே வந்தன, பிக் ஈஸ்ட் என்ற பெயரையும் கார்டனில் ஆடும் உரிமையையும் கையோடு கொண்டுவந்தன. பட்லர், ஸேவியர், கிரெய்ட்டன் மூன்றையும் சேர்த்துக்கொண்டன. வால் ஆக்கர்மன் என்ற பெண்மணி கமிஷனரானார். மீண்டும் கூடைப்பந்துக்காரர்களின் கூட்டணி. கால்பந்தைத் துரத்தியவர்களின் கதை வேறு மாதிரிப் போனது: 1915-லிருந்து இருந்த மேற்குக் கரையின் பேக்-12 கூட்டணியிலிருந்து 2024-ல் பத்துக் கல்லூரிகள் கிளம்பிவிட்டன. கனெக்டிகட் மட்டும் 2020-ல் பிக் ஈஸ்ட் என்ற பழைய வீட்டுக்குத் திரும்பி வந்தது.

புது பிக் ஈஸ்டின் முதல் சாம்பியன் போட்டிக்கு, 2014 மார்ச்சில், டிக்கெட் எடுத்துப் போனேன். இறுதியாட்டத்தில் கிரெய்ட்டனை எதிர்த்து நின்றது பிராவிடன்ஸ். பயிற்சியாளர் எட் கூலி அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். 65-58. இருபது ஆண்டுக்குப் பிறகு கேவிட்டின் கல்லூரி கோப்பையைத் தூக்கியது. எனக்குச் சிரக்யூஸின் பழைய ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு போகத் துணிவில்லை. சாம்பல் நிறத்தில் சாதாரண ஸ்வெட்டர் போட்டிருந்தேன். எழுந்து நின்று கை தட்டினேன்.

கார்டனுக்கு நேர் கீழேதான் பென் ஸ்டேஷன். எஸ்கலேட்டரில் இறங்கினால் ரயில்தான். நியூஜெர்சி வண்டிக்காகப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கறுப்பும் வெள்ளையுமாகச் சட்டை போட்ட பிராவிடன்ஸ் பையன்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டு வந்து, வடக்கே போகிற அடுத்த வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று என்னிடம் கேட்டார்கள். பலகையில் தேடிச் சொன்னேன். நியூ ஹேவன், நியூ லண்டன் தாண்டி, வெஸ்டர்லி வழியாகத்தான் அந்தத் தடம் பிராவிடன்ஸுக்குப் போகிறது.